தப்பிலிருந்து சொல்லிசைக்கு: ஊவாத் தோட்டங்களில் பாட்டும் படிப்பும்

ஹிப்ஹொப் 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில், செஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் குடியிருப்பில் நடந்த ஒரு விருந்தில் பிறந்ததாகக் கொள்வது மரபு. அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றிய டி.ஜே. கூல் ஹேர்க், சிறுவயதில் ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் வைத்து, ஓடும் தாளத்தின் மேல் பேசிப் பாடும் ஜமைக்கா வழக்கம் அவருடன் கடல் தாண்டி வந்தது. ஆகவே இக்கலை தொடக்கத்திலேயே புலம்பெயர்ந்தோரின் கலை. பின்னர் அது உலகெங்கும் பரவியபோது, அமெரிக்கப் பாடகரைப் போலப் பாடிப் பார்த்ததோடு நின்ற இடங்களில் வேர் பிடிக்கவில்லை. தன்சானியாவில் சுவாஹிலியிலும் செனகலில் வொலொஃபிலும் பாடத் தொடங்கிய பிறகே அது மக்களுடையதாயிற்று. ஏற்கனவே தாளத்தோடு பேசும் பழக்கம் இருந்த சமூகங்களில் அது விரைவாக ஊன்றிக்கொண்டது.

இலங்கையின் மலையகம் அப்படிப்பட்ட நிலம். பதுளை மாவட்டத்தில் தெமோதரையைச் சூழ்ந்த தோட்டங்களிலும், ஊவா மாகாணத்தின் ஏனைய தோட்டங்களிலும், பள்ளிக்கூடம் ஒழுங்காக வந்து சேர்வதற்கு முன் நூறாண்டுக்கு மேல் பாட்டே பள்ளிக்கூடமாக இருந்தது. சட்டம், கூலிக் கணக்கு, புராணம், குடும்ப வரலாறு என எல்லாம் பாட்டாகவே கைமாறின. சொல்லிசை என்று இன்று இலங்கைத் தமிழில் வழங்கும் ராப், கல்விக் கருவியாக வகுப்பறைக்குள் வரும்போது இந்த நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியாகவே வருகிறது.

கோச்சியும் லயமும்

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். ஊவாவுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் அதற்கு மேலும் மலையேறி நடக்க வேண்டியிருந்தது. ரயில் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை ஆயிற்று. எல்ல நகருக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. தெமோதரையில் பாதை தன்னைத் தானே சுற்றிக் கீழிறங்கி, நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளியேறுகிறது. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிய, தொழிலாளரை மேற்பார்க்கும் ஒரு கங்காணியைப் பார்த்தே பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்ற கதை இன்றும் அப்பகுதியில் வழங்குகிறது. தங்கள் உழைப்பும் அறிவும் கலந்த ஒரு வேலையின் நினைவை மக்கள் கதையாகக் காத்துவைத்திருப்பதற்கு இது ஒரு சான்று.

கோச்சி என்று மக்கள் அழைத்த ரயில் வந்த பின்னும் தோட்ட வாழ்க்கை மூடிய உலகமாகவே இருந்தது. அதிகாலையில் தப்பு ஒலித்தால், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் விழித்தன. அந்த ஒலி தொழிலாளரை, காலையில் ஆள் எண்ணி வேலை பகிரும் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது. அதே தப்புதான் மாலையில் கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய வட்டக் கருவி அது. நெருப்பில் காய்ச்சிப் பதப்படுத்தி, ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சியும் மறுகையில் மெல்லிய நீண்ட குச்சியும் கொண்டு அடிக்கப்படுவது. பிறப்பு, பூப்பு, திருமணம், சாவு, சாமி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. அடியைக் கேட்டே எந்த லயத்தில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த மலையில் இருப்பவர் அறிந்துகொண்டனர்.

பாட்டு வகைகளும் அவ்வாறே வேலைக்கும் வாழ்வுக்கும் ஏற்பப் பிரிந்திருந்தன. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களுடையவை. தெம்மாங்கு மலையில் வேலையோடு பாடப்பட்டது. கும்மியும் கோலாட்டமும் கோயில் வாசலில் வட்டமிட்டுப் பாடப்பட்டன. மாசி மாதத்தில் காமன் கூத்து நடந்தது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவையும் இரவிரவாக ஆடப்பட்டன. எழுத்தறியாத தொழிலாளர்கூடக் கூத்து வாத்தியாரிடம் கேட்டுப் பழகி, நூற்றுக்கணக்கான வரிகளை மனப்பாடம் செய்தனர். காமன் பண்டிகையோடு ஒட்டித் தஞ்சைப் பகுதியில் வளர்ந்த லாவணியில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மற்றக் கட்சியும் பாட்டாலேயே கேள்வி கேட்டுப் பாட்டாலேயே விடை சொல்லும். பிராங்ஸின் தெருமுனைகளில் இரு பாடகர் எதிரெதிரே நின்று சொல்லால் மோதும் வழக்கத்தைத் தமிழர் புதிதாகக் கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பாடம் சொல்ல வந்த முதல் கும்மி

தோட்டங்களைப் பற்றிய தமிழ்ப் பாட்டு அச்சேறியபோது, அது தொழிலாளரின் குரலாக வரவில்லை. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. காடு வெட்டுவது முதல் கோப்பிப் பயிரைப் பராமரிப்பது வரை தோட்ட வேலைகளை அது கும்மி மெட்டில் விளக்கியது. தொழிலாளருக்குத் தெரிந்த பாட்டு வடிவத்தை எடுத்து அதற்குள் பாடத்தை வைத்தால் எளிதில் பதியும் என்ற எண்ணம் அந்நூலின் அடிப்படை. இக்காலக் கல்வியாளர் பலர் ராப்பைப் பயன்படுத்துவதும் இதே எண்ணத்தில்தான். ஆனால் அந்தக் கும்மி கற்பித்தது, நன்றாக வேலை செய்வது எப்படி என்பதை. செய்பவனின் பாடு அதில் பாடமாகவில்லை.

அதே 1869இல் ஊவாவின் மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் மஞ்சள் நிறப் பூஞ்சணம் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நோய் இலங்கையின் கோப்பியை அழித்தது. கோப்பி நட்ட மலைகளில் தேயிலை வந்தது. கும்மி சொல்லிக்கொடுத்த பயிர் போய்விட்டது, பாட்டின் வடிவம் நின்றது. அடுத்த தலைமுறை அதை வேறொரு பாடத்துக்கு எடுத்துக்கொண்டது.

மேடையேறிய பாட்டு

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் சென்றதாக வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். எழுத்தறிந்தோர் மிகச் சிலரே என்பதால் பத்திரிகையின் செய்தி லயத்துக்குள் செல்லப் பாட்டே வழியாயிற்று. அவருடைய துணைவி மீனாட்சி அம்மாள் அந்த வேலையை ஏற்றார். கூட்டம் தொடங்குமுன் அவர் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளில் சட்டம், சம்பளம், வாக்குரிமை பற்றிய வரிகளை அமைத்தார். 1939இல் அரசுத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை வேலைநீக்கம் செய்யும் முடிவு வந்த சூழலில், 1940இல் அவரது பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் நூலாக வந்தன. ஒரு பெண் மேடையேறி அரசியல் பாடுவது அன்றைய தோட்டச் சமூகத்துக்குப் புதிது. அவர் பாட்டைக் கேட்டவர்கள் அதைத் தம் லயத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பாடினார்கள்.

அதே 1940இல் ஊவாவும் கொதித்தது. ஜனவரியில் முல்லோயாவில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகு வேலைநிறுத்தங்கள் மலைநாடெங்கும் பரவின. மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தின் போராட்டம், லங்கா சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்க வேலையில் முக்கியமான இடம் பெற்றது. கட்சித் துண்டுப் பிரசுரங்கள் வந்த அதே காலத்தில் சின்னஞ்சிறு பாட்டுப் புத்தகங்களும் நகரங்களிலும் ரயில்களிலும் விற்பனையாயின. தெருப்பாடகர் ஒருவர் பாடிக் காட்டுவார். கேட்டவர் காசு கொடுத்து வாங்கி, வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்வார். தோட்டப் பிள்ளைகளின் வாசிப்புப் பயிற்சிக்கு அப்புத்தகங்களும் உதவின.

பள்ளிக்கூடம் வந்த கதை

தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய சட்டம் 1907இலேயே வந்தது. 1920இன் கல்விச் சட்டம் அதை இன்னும் வலியுறுத்தியது. எனினும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்திடமே இருந்ததால் பெரும்பாலான இடங்களில் பள்ளிக்கூடம் ஓராசிரியரும் ஓர் அறையுமாகவே நின்றது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1977 முதல்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் உதவியோடு கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன.

பாடசாலை வந்தபோது பாட்டு வெளியே நின்றுவிட்டது. தமிழ்மொழிப் பாடசாலையில் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதம். தமிழ் என்றால் எழுத்துத் தமிழ். லயத்துப் பேச்சு திருத்தப்பட வேண்டிய பிழையாகவும் தப்பு தீண்டத்தகாத ஒலியாகவும் கருதப்பட்டன. வீட்டில் ஆயிரம் வரி கூத்து அறிந்த தாத்தாவின் பேரன், வகுப்பில் எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்தான். மலையகக் கல்வி வரலாற்றில் இது ஒரு பெரிய இழப்பு. இதை ஓரளவு ஈடுசெய்தவர்கள் எழுத்தாளர்கள். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாயின. சாரல் நாடன் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ எழுதினார். பின்னர் மு. சிவலிங்கமும் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, பதுளையின் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்த ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், லயத்து மனிதரின் பேச்சைக் கதைகளில் மாற்றாமல் பதிந்தார். பேச்சுமொழிக்கு இலக்கியத் தகுதி உண்டு என்பதை இவர்கள் நிறுவினர். பேச்சுமொழியே உயிராக உள்ள சொல்லிசைக்கு அது பிற்காலத்தில் வழிவிட்டது.

கப்பலேறிய பாட்டின் திரும்புதல்

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் முடிவாயிற்று. மீதி 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். உறவினர் பிரிந்த ரயில்களை மக்கள் அழுகைக் கோச்சி என்றனர். சென்றவர்கள் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். அவர்களோடு ஒப்பாரியும் சென்றது.

இதற்கிடையில் தமிழ்ச் சொல்லிசை பல கரைகளில் தனித்தனியே முளைத்தது. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைத் தெருப்பேச்சைத் தாளத்தில் ஏற்றியது. இரப்பர்த் தோட்டத் தமிழரின் வாரிசுகள் நிறைந்த மலேசியாவில், யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வந்து, தமிழில் முழுநீளமாகச் சொல்லிசை செய்ய முடியும் என்று காட்டியது. ஈழத்திலிருந்து இலண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் ‘அருளர்’ தொகுப்பை வெளியிட்டு உலகக் கவனம் பெற்றார். கொழும்பில் அதே ஆண்டுகளில் கிரிஷான் மகேசன் தமிழில் பாடினார். 2011இல் ஹிப்ஹொப் தமிழா இணையத்தின் வழியே தமிழகமெங்கும் பரவியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் ஆதரவில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறியது. கானா, பறை, ராக், ராப் ஆகியவை அங்கே ஒன்றாக ஒலித்தன. சாதி ஒழிப்பு நேரடிப் பாடுபொருளாயிற்று.

அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு, மலையக வரலாற்றைச் சொல்லிசையோடு இணைத்தார். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயுடன் அவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பல கோடிப் பேரைச் சென்றடைந்தது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். நிலமற்றோரின் துயரமும் ஒப்பாரியின் நடையும் அப்பாட்டில் கலந்தன. பாட்டுக்கு உரியவர் யார் என்ற பொது விவாதம் 2021இலும் 2022இலும் எழுந்தது. மக்கள் வாய்மொழியாகச் சேர்த்துவைத்ததைச் சந்தை எடுத்துக்கொள்ளும்போது பெயர் யாருக்கு என்பது பழைய கேள்வி. வகுப்பறையில் சொல்லிசையைப் பயன்படுத்தும் ஆசிரியரும் இதைத் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வகுப்பறைக்குள் வந்த தாளம்

அமெரிக்காவில் குளோரியா லாட்சன்–பில்லிங்ஸ் 1995இல் பண்பாட்டோடு பொருந்திய கற்பித்தல் என்ற கொள்கையை முன்வைத்தார். மாணவர் விரும்பும் ராப் வரிகளை எடுத்து, எதுகை, உவமை, உட்பொருள் ஆகியவற்றைக் கற்பித்துப் பிறகு பாடநூற் கவிதைக்குச் சென்ற ஓர் ஆசிரியரை அவர் சான்று காட்டினார். 2012–13 கல்வியாண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் எம்டின், வூ-டாங் கிளான் குழுவின் ஜிசாவுடன் சேர்ந்து நியூயோர்க் பாடசாலைகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் அறிவியல் பாடங்களைத் தாமே ராப்பாக எழுதிப் போட்டியிட்டனர். செனகலில் 2013 முதல் சுமான், கீட்டி என்னும் இருவர் பிரெஞ்சிலும் வொலொஃபிலும் செய்தியறிக்கையையே ராப்பாக வழங்கினர். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நாட்டு நடப்பை அறிந்துகொண்டனர். மீனாட்சி அம்மாள் மலைநாட்டில் செய்ததும் இதுவே.

தமிழர் பெருமளவில் வாழும் மும்பை தாராவியில் 2015இல் ஹிப்ஹொப்புக்கான மாலைநேரப் பள்ளி தொடங்கியது. ராப், நடனம், வாயால் தாளம் எழுப்புதல் ஆகியவை அங்கு இலவசமாகக் கற்பிக்கப்படுகின்றன. தாராவியின் டோப்படெலிக்ஸ் குழு தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பாடி, 2018இல் ‘காலா’ படத்தில் இடம்பெற்றது. ஒரே குடியிருப்பில் பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே தாளத்தில் ஒன்றாவதை அங்கே காணலாம். தமிழும் சிங்களமும் அடுத்தடுத்து வழங்கும் பதுளைக்கும் இது பொருந்தும்.

தமிழ் யாப்பு இம்முறைக்கு நன்கு இடம்கொடுக்கிறது. ஆங்கில ராப் பெரும்பாலும் வரியின் கடைசியில் ஒலி இயைவதை நம்பியிருக்கிறது. தமிழில் மோனையும் எதுகையும் வரித் தொடக்கத்திலும் இயைபு இறுதியிலும் நிற்பதால், ஒரே வரியில் இரு முனைகளிலும் ஒலி பொருந்தும். ராப்பின் வழக்கமான நடை, நான்கு தட்டும் தட்டுக்கு நான்கு சிறு அசைவுமாகச் செல்லும். கும்மி பெரும்பாலும் மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில் அமையும். ஒரே வரியை இரு நடைகளிலும் சொல்லிப் பார்க்கும் மாணவர், அசை பிரிப்பதைக் காதாலேயே கற்றுக்கொள்வார். பதினாறு வரி எழுதுவது ஒரு பாடவேளைக்கு ஏற்ற அளவு. அதற்குள் ஒரு செய்தியைத் தொடங்கி, விரித்து, முடிக்க வேண்டியிருப்பதால் கட்டுரைப் பயிற்சியும் கிடைக்கிறது.

பொருளுக்கும் பஞ்சமில்லை. ஒரு நாள் பறித்த கொழுந்தின் நிறை, முழுப்பேருக்கும் (முழுநாள் வேலை) அரைப்பேருக்கும் (அரைநாள் வேலை) உள்ள சம்பள வேறுபாடு, அதில் பிடிக்கப்படும் தொகை ஆகியவை கணிதப் பாடம். ஜூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு எப்படித் தனி மணம் தருகிறது என்பது அறிவியல். நமுனுகுல மலையடிவாரத்தில் மண் ஏன் சரிகிறது என்பதும், 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியதும் புவியியல். 1948, 1964, 2003ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களும் ஒப்பந்தமும் வரலாறு. இவற்றைப் பாட்டியிடம் கேட்டு வந்து எழுதும் பிள்ளை, தகவல் திரட்டுதல், சரிபார்த்தல், சுருக்குதல் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பழகுகிறது.

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. தப்படித்தல் ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கட்டாயமாக நெடுங்காலம் இருந்தது. அந்த அவமானத்தால் இளைஞர் பலர் அதைக் கைவிட்டனர். வகுப்பில் தப்பைக் கொண்டுவந்து அக்குடும்பத்துப் பிள்ளையிடமே கொடுப்பது பழைய காயத்தைக் கிளறும். எல்லாப் பிள்ளைகளும் அடிக்கக் கற்க வேண்டும். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு 1990களிலிருந்து இளம்பெண்களுக்குத் தப்பை ஒத்த பறை கற்பித்து அந்தத் தளையை உடைத்து வருவது இதற்கு முன்மாதிரி. சந்தைக்காக வரும் ராப்பில் பெண்ணை இழிவுபடுத்தும் வரிகள் மிகுதி. அவற்றை மறைப்பதைவிட, வகுப்பில் எடுத்து விவாதித்து மறுபாட்டு எழுதச் செய்வது நல்ல பாடம். லாவணி மரபு அதற்கு வழிகாட்டுகிறது. பாட்டு, கணித அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறையை நிரப்பாது. ஆசிரியர் இருக்கும் வகுப்பில் அது கற்றலை ஆழமாக்கும், அவ்வளவே.

ஊவாவின் வரலாற்றில் ஒரே வடிவம் மூன்று கைகளில் மாறியிருக்கிறது. 1869இல் கோப்பி வேலையைக் கற்பிக்கும் பாடமாகக் கும்மி எழுதப்பட்டது. 1940இல் தொழிற்சங்கம் உரிமையைக் கற்பிக்கப் பாடியது. இரண்டிலும் தொழிலாளர் கேட்போராக இருந்தனர். முந்தையது அவர்களிடம் உழைப்பைக் கேட்டது, பிந்தையது அவர்கள் நலனைப் பேசியது. ஹிப்ஹொப் கல்வியின் மையக் கருத்து, எழுதும் உரிமை மாணவருக்கே என்பது. ஆசிரியர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பிள்ளைகள் ஒப்பிப்பது பழைய கும்மிக்குத் திரும்புவதாகும். தோட்டப் பாடசாலை மாணவர் தம் பேச்சில், தம் குடும்பத்து வரலாற்றைத் தாமே ஆராய்ந்து எழுதி, தம் பெயரைப் போட்டுப் பாடும்போதே இம்முறை அதன் நோக்கத்தை அடைகிறது.